முப்பத்தொரு ஞானஸ்நானம்

காலை ஐந்தரைக்கு அடிக்க வேண்டிய திருந்தாதி செப மணி அன்று ஐந்து நாற்பத்திரண்டுக்கு அடித்தது.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் ஃபாதர் சில்வேரியுஸ் பீடத்தின் முன் முழங்காலில் இருந்தார். முழங்கால் வலித்தது. ஜூலையில் நகரத்துக்குப் போகும் வழியில் காய்ச்சல் கண்டு, ராணுவ மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வந்தார். அதிலிருந்து இந்த வலி. ஐம்பத்தெட்டு வயதாகிறது, இருக்கும் என்று விட்டிருந்தார்.

மணி ஓய்ந்ததும் உபதேசியார் கயித்தான் உள்ளே வந்தார். மணி அடிப்பது, சாமி இல்லாத நாளில் செபம் சொல்வது, கோயில் பதிவேடுகளை எழுதுவது எல்லாம் முப்பது வருடமாக அவர் வேலை.

"என்ன உபதேசியாரே, கடிகாரம் நின்னுட்டா?"

"மணிக்கூண்டுப் படியில ஆள் இருக்கு சாமி. தாண்டிப் போகக் கால் வரல."

"யாரு?"

"எஸ்தாக்கி." கயித்தான் யோசித்தார். "எஸ்தாக்கி கணக்கா ஒரு ஆள்."

வெள்ளாமுனை ஊரை எதிரிப் படையினர் பிடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடலில் இரண்டு மைலுக்கு அப்பால் போகக் கூடாது. மாலை ஆறுக்கு மேல் விளக்கு கூடாது. மற்றபடி மீனுக்குச் சரியான விலை கொடுத்தார்கள். கோயிலுக்குள் காலணியோடு வரவில்லை. ஆகஸ்டில் ஒரே வாரத்தில் முப்பத்தொரு ஆண்களைக் கொண்டுபோனார்கள். நம் பக்கத்துக் காயம்பட்ட வீரர்களை ரகசியமாகப் படகில் ஏற்றித் தீவில் விட்டவர்கள் அந்த முப்பத்தொரு பேர். ஒருவன் போவது இன்னொருவனுக்குத் தெரியாது. இருந்தும் ஒருவர் விடாமல் பிடித்தார்கள்.

நேற்று ஒரு லாரி வந்து முப்பத்தொரு பேரையும் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போனது. ஊர் ஓடி வந்தது. கிட்டே போய்ப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகப் பின்வாங்கியது. ஆறு மணிக்குள் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. 'வந்தவங்க' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஃபாதரைக் கண்டதும் எஸ்தாக்கி படியிலிருந்து எழுந்தான்.

"தோத்திரம் சாமி."

"வீட்டுக்குப் போகலியாடே?"

"போனேன். மதலேன் சன்னல் வழியா சோறு தந்தா. கதவத் தொறக்கல."

"ஏனாம்?"

"பல்லு சாமி." வாயைத் திறந்து காட்டினான். பதினெட்டு வயதில் துடுப்பு அடித்து உடைந்த முன்பல் முழுதாக இருந்தது. "முப்பத்தாறு வயசுல புருசனுக்குப் பல்லு முளைச்சா எந்தப் பொம்பள நம்புவா?"

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. உள்ளங்கைகளை நீட்டினான். இருபது வருடம் வலைக்கயிறு இழுத்த கைகள். காய்ப்பு இல்லை, பழைய வெட்டுத் தழும்பும் இல்லை. வழவழவென்றிருந்த தோல் இரண்டு இடத்தில் உரிந்து ரத்தம் கசிந்தது.

"நேத்து ஒரு கயிற இழுத்துப் பாத்தேன். பச்சப்பிள்ள கை மாதிரி உரியுது. நான் யாரு சாமி?"

"உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"எல்லாமே இருக்கு. பிடிச்சிட்டுப் போனது வரைக்கும். அதுக்கப்புறம் காய்ச்சல்தான். வாயில ஒரே பித்தளை ருசி. தூபக்கால நக்கின மாதிரி."

ஃபாதர் நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை வைத்து எடுத்தார்.

"உள்ள வந்து உக்காரு," என்றார்.

*

பத்து மணிக்கு அந்தப் படையின் அதிகாரி மேஜர் ரூன் சாமியார் பங்களாவுக்கு வந்தார். அவர் கழுத்துப்பட்டையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அவர் தன் மொழியில் முணுமுணுப்பார். பெட்டி அதைத் தமிழில் சொல்லும். பாடப்புத்தகத் தமிழ்.

கயித்தான் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். மேஜர் ஒரு வாய் குடித்தார்.

"இந்த இனிப்பு எதிலிருந்து வருகிறது?"

"பனை மரத்திலிருந்து."

"மரத்திலிருந்து," என்று மேஜர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாவற்றிலும் கேள்வி இருந்தது. சிலுவையில் இருப்பவரின் தலைக்கு மேல் ஏன் நான்கு எழுத்து என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். பதிலை எழுதிக்கொண்டும் போனார்.

"இவர்கள் யார், மேஜர்?" என்று ஃபாதர் கேட்டார்.

"உங்கள் ஆட்கள்."

"எஸ்தாக்கியின் கையில் தழும்பு இல்லை."

"தழும்பு வராது. தேவையற்ற தகவல் என்று கருவி விட்டுவிடுகிறது."

"எந்தக் கருவி?"

மேஜர் மறைக்கவில்லை. மறைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

"ஒருவருடைய நினைவை முழுதாகப் படிக்க ஒரே வழிதான் உண்டு. மூளையை மிக மெல்லிய அடுக்குகளாக எடுக்க வேண்டும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் படிப்பது போல."

"படித்து முடித்தபின் ஆள்?"

"இருக்க மாட்டார்."

"செத்துவிடுவான்."

"எங்கள் சட்டத்தில் அப்படிச் சொல்வதில்லை. படித்ததை மறுபடி எழுதுகிறோம். புதிய உடலில். மூன்று வாரத்தில் அவர் எழுந்து தன் பெயரைச் சொல்கிறார். மனைவி எங்கே என்று கேட்கிறார். அப்படியானால் செத்தது யார்? நான் உண்மையிலேயே கேட்கிறேன்."

நல்ல கேள்வி என்று ஃபாதருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டார்.

"எதற்காகத் திருப்பித் தருகிறீர்கள்?"

"இன்னும் இரண்டு வாரத்தில் நடுநிலை நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வருகிறார்கள். வீடு வீடாகத் தலை எண்ணுவார்கள். உங்கள் பதிவேடுகளையும் பார்ப்பார்கள். ஒப்பந்தப்படி அவற்றை நாங்கள் தொடக் கூடாது. விசாரணையில் யாரும் இறக்கவில்லை என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்."

மேஜர் ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"ஆனால் ஊர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்னால் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதை வாசியுங்கள். இரண்டே வரி. திரும்பியவர்கள் அதே ஆட்கள். அவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள்."

"வாசிக்காவிட்டால்?"

"உங்களை ஒன்றும் செய்ய மாட்டேன். ஊர் ஏற்காதவர்களைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு இருக்கிறது."

"திரும்பப் பெற்று?"

மேஜர் காப்பியைக் குடித்து முடித்தார்.

"கலைத்துவிடுவோம்," என்றது பெட்டி.

அவர் ஜீப் போன சத்தம் அடங்கியதும் கயித்தான்தான் ஆரம்பித்தார்.

"வாசிச்சா ஒருத்தனும் சாகலன்னு ஆயிரும். அவனுவ கை சுத்தம்."

"வாசிக்கலன்னா?"

"முப்பத்தொரு பேரையும் நாம கொல்லுதோம்." கயித்தான் காலி டம்ளரை எடுத்தார். "ஆயருக்கு எழுதிக் கேக்கலாமா சாமி?"

"ஆயர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்காரு. கடுதாசி போனா அவர் கைக்கு முன்னால மேஜர் கைக்குப் போகும்."

"நாம என்ன பெரிய படிப்பா படிச்சிருக்கோம், இதுக்குத் தீர்ப்புச் சொல்ல?"

"அதைத்தான் யோசிக்கேன்."

*

மதலேன் மத்தியானம் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சாமி, நான் தாலியக் கழட்டணுமா வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க."

"அவன்கிட்ட பேசினியாம்மா?"

"சன்னல்ல நின்னு பேசினேன். எல்லாத்தையும் சரியாச் சொல்லுதாக. மூத்தவ பிறந்த அன்னைக்கு மழைன்னு சொல்லுதாக. எங்கம்மைக்குத் தெரியாம நான் வித்த கம்மல் எத்தனை பவுன்னு சொல்லுதாக. எம் புருசன் ஒரு விஷயத்தையும் ஒழுங்காச் சொன்னது கிடையாது சாமி. ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொல்லியிருந்தா கதவத் தொறந்திருப்பேன்."

ஃபாதர் சன்னல் பக்கம் பார்த்தார். கோயில் முற்றத்தில் எஸ்தாக்கி ஒரு கிழிந்த வலையை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். விரல்கள் முடிச்சை மறக்கவில்லை. தோல்தான் தாங்கவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் கையை உதறினான்.

"அவன் நல்லவனா இருக்கானா?"

"இருக்காக. அதான் கஷ்டம்." மூக்கைச் சிந்தினாள். "இன்னொண்ணும் கேக்கணும். அவுக படகு விட்டது எனக்கே தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்துல உங்ககிட்ட மட்டும் சொன்னதா நேத்துதான் சொன்னாக. மத்த வீட்டுக்காரிகளையும் கேட்டுப் பாத்தேன். எல்லா ஆம்பிளையும் அப்படித்தானாம். பின்ன யாரு சாமி காட்டிக்கொடுத்தது?"

அவர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் ஒருவன் தன் பாவத்தை அறிக்கையிட்டதைக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்வதுகூடச் சாமியாருக்குக் குற்றம்.

அவர் முகத்தைப் பார்த்து மதலேன் பதறினாள்.

"ஐயோ, உங்கள நான் சொல்லல. உங்களக் கொன்னாலும் நீங்க சொல்ல மாட்டீக. அது ஊருக்கே தெரியும்."

அவள் போனபின் ஃபாதர் உடுப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கினார். சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். முதலில் வந்தது பயம் அல்ல. கடலில் பெயர் தெரியாத மீன் ஒன்று வலையில் வந்தால் குனிந்து பார்ப்பார்களே, அது போல ஒன்று. பயம் பிறகு வந்தது.

வெளியே வந்து பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பூட்டிச் சாவியைக் கயித்தானிடம் கொடுத்தார்.

"இது எதுக்கு என்கிட்ட?"

"இனி நான் பாவசங்கீர்த்தனம் கேக்கப் போறதில்ல. பூசையும் வைக்கப் போறதில்ல. மரணப் பதிவேட எடும்."

"யாரு செத்தா?"

"முதல் பேர நான் சொல்லுதேன், எழுதும்."

சொன்னார். கயித்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஃபாதர் அவர் எதிரில் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கயித்தான் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். பேனாவை மறுபடி எடுக்க அதைவிட அதிக நேரம் ஆனது.

"மத்த முப்பத்தொண்ணையும் எழுதும்," என்றார் ஃபாதர். "இவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. அவங்க செத்தது தெரியும். அந்த மேஜரே சொன்னாரு, பக்கம் கிழிஞ்சிட்டுன்னு."

"அப்போ வந்தவங்கள என்ன செய்ய?"

"மருத்துவச்சி ரோசலி, பிள்ளை தங்காதுன்னு தோணினா அங்கேயே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துருவா. அந்தப் பிள்ளை பிழைச்சுக் கோயிலுக்கு வந்தா நாம என்ன செய்வோம்?"

"மறுபடி ஊத்துவோம். ஆனா, 'நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்'னு முன்னால ஒரு வார்த்தை சேத்துக்குவோம்."

"ஏன்?"

"அவ அவசரத்துல சரியாச் சொன்னாளோ இல்லையோ, நமக்குத் தெரியாதுல்லா."

"தெரியாதத தெரியாதுன்னு கடவுள்கிட்டயே சொல்லிட்டு ஊத்துதோம். அதுக்குத்தான் அந்த வார்த்தை. இவங்களுக்கும் அதையே சொல்லுவோம்."

கயித்தான் மெல்லத் தலையாட்டினார். முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

"ஏத்துக்கிட்டதாவும் ஆச்சு. கொன்னவனுவள விட்டதாவும் ஆகல."

"ஊத்தப் போறது நீரு."

"நானா? சாமி நிக்கும்போது உபதேசியார் ஊத்துறது முறையா?"

"முறை இல்ல. ஆனா செல்லும். யாரு ஊத்தினாலும் செல்லும். ஞானஸ்நானமே வாங்காத ஆளு ஊத்தினாலும் செல்லும். கோயில் செய்யறதச் செய்யணும்னு மனசு இருந்தாப் போதும்."

"சரி. முதல்ல உங்களுக்கு..." என்று ஆரம்பித்த கயித்தான் நிறுத்திக்கொண்டார். ஃபாதரும் வற்புறுத்தவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை துக்க மணி அடித்தது. இறந்தவர் ஒருவருக்கு ஒரு மணி. ஊர் வீடுகளுக்குள் இருந்தபடி எண்ணியது. முப்பத்திரண்டு. உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, எண்ணிக்கை தவறிவிட்டது என்று பேசிக்கொண்டே கோயிலுக்கு வந்தார்கள்.

மேஜர் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் முப்பத்தொரு பேரும் இடது பக்கச் சுவரோரம் நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

பீடத்தில் அப்பமும் திராட்சை ரசமும் இல்லை. ஃபாதர் கீழ்ப்படியில் நின்றார். மேஜர் கொடுத்த காகிதம் கையில் இருந்தது. அதைப் பார்க்காமல் இரண்டு வரி சொன்னார்.

"நம்மிடமிருந்து கொண்டுபோனவர்கள் இறந்துவிட்டார்கள். நம்மிடம் வந்திருப்பவர்கள் நம்மவர்கள்."

பெட்டி மேஜரின் கழுத்தில் முணுமுணுத்தது. மேஜர் அசையவில்லை.

அதுவரை யாரும் அழுதிருக்கவில்லை. அழலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு மாதம் இருந்தார்கள். இப்போது அழுதார்கள். கயித்தான் பெயர்களை வாசித்தார். தன் பெயரைக் கேட்டதும் ஒவ்வொருவனும் தலை குனிந்தான். எஸ்தாக்கி பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது முன்வரிசை வரை கேட்டது.

"எந்த மனுசனுக்குடே கிடைக்கும், தன் அடக்கத்துக்குத் தானே வர்றது?"

அவனும் அழுதுகொண்டிருந்தான். மதலேன் தாலியைக் கழற்றி நடுவிலிருந்த வெற்றுப் பாடைமேல் வைத்தாள்.

செபம் முடிந்தது. ஞானஸ்நானத் தொட்டியின் மூடியை எடுத்தார்கள்.

"இவர்களுக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பனாக நிற்பது யார்?" என்று ஃபாதர் கேட்டார்.

யாரும் எழவில்லை. அந்தக் கரையில் ஞானத்தாய் என்றால் பெற்றவளுக்கு மேல். ஒருமுறை நின்றால் ஆயுசுக்கும் அவன் மகன். அவள் வீட்டில் அவனுக்குச் சோறு உண்டு. அவளோடு கலியாணம் மட்டும் கிடையாது. அந்த வழியை ரோமில் இருக்கும் எந்தப் பாப்புவும் திறந்துவிட முடியாது என்று ஊர் நம்பியது.

மதலேன் எழுந்தாள்.

எஸ்தாக்கி அவளைப் பார்த்தான். அவள் எங்கே போகிறாள் என்று புரிந்ததும் இரண்டு அடி முன்னால் வந்தான்.

"வேண்டாம் மதலேன். வேற யாரும் நிக்கட்டும்."

"யாரு நிப்பா?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குடி."

"எனக்கும் இருக்கு," என்றாள். "அதுக்குத்தான். எம் புருசன் செத்துட்டாக. அவுகளுக்கு நான் அழணும். உன்னைய பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படி அழ? கதவு தொறந்திருக்கும். சோறு இருக்கும். பிள்ளைக உன்னைய அண்ணேன்னு கூப்பிடும்."

அவன் நின்றான். பிறகு தொட்டியின் மேல் குனிந்தான். அவள் அவன் தோள்மேல் கை வைத்தாள். அதை எடுக்கவில்லை.

"பேரு?" என்றார் கயித்தான்.

"எஸ்தாக்கி. செத்தவுக பேரத்தான பிள்ளைக்கு வைப்போம்."

கயித்தான் சிப்பியால் நீரை மொண்டார். "எஸ்தாக்கி, நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்..."

இரண்டாவதாக ஒரு கிழவர் எழுந்தார். மூன்றாவதாக அக்காள் தங்கை இரண்டு பேர். அப்புறம் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

*

திங்கட்கிழமை மேஜர் தனியாக வந்தார். இரண்டு பதிவேடுகளும் மேஜைமேல் தயாராக இருந்தன. அவர் எதையும் தொடாமல் ஃபாதரைப் பக்கங்களைத் திருப்பச் சொன்னார். பெட்டியில் ஒரு சிறிய கண்ணும் இருந்தது. கழற்றி எழுத்தின் மேல் காட்டினால் வாசிக்கும்.

"ஏற்றுக்கொள்ளச் சொன்னேன்," என்றார்.

"ஏற்றுக்கொண்டோம். நேற்று இரவு முப்பத்தொரு பேரும் வீட்டில் சாப்பிட்டார்கள். உங்கள் காவலர்களே பார்த்திருப்பார்கள்."

"இறந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்."

"இறந்தார்கள்."

மரணத்தின் காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல் இருந்தது. பெட்டி அதை வாசித்தது. "வாசிக்கப்பட்டார். வாசிக்கப்பட்டார். வாசிக்கப்பட்டார்." மேஜர் அதை நிறுத்தினார்.

"கண்காணிப்பாளர்கள் இதைப் பார்ப்பார்கள்."

"பார்ப்பார்கள்."

"ஆட்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு கிராமத்து எழுத்தரின் புத்தகத்தை அவர்கள் நம்ப வேண்டியதில்லை. துக்கத்தில் எழுதியது என்று சொல்வேன்." அவர் குரலில் கோபம் இல்லை. விரல் காற்றிலேயே வரிகளை எண்ணிக்கொண்டு போனது. பிறகு அடுத்த புத்தகத்துக்கு வந்தது. மறுபடி முதல் புத்தகத்துக்குப் போனது.

"மரணத்தில் முப்பத்திரண்டு. ஞானஸ்நானத்தில் முப்பத்தொன்று. மணியும் முப்பத்திரண்டு அடித்தது. நானும் எண்ணினேன்."

ஃபாதர் மரணப் பதிவேட்டை ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். மேஜர் பெட்டியை முதல் வரியின் மேல் பிடித்தார்.

"சில்வேரியுஸ் மிராண்டா," என்று பெட்டி வாசித்தது. "பங்குச் சாமியார். வயது ஐம்பத்தெட்டு. ஜூலை ஒன்று. வாசிக்கப்பட்டார்."

மேஜர் பெட்டியை மறுபடி கழுத்துப்பட்டையில் மாட்டினார்.

"எப்படித் தெரிந்தது?"

ஃபாதர் அங்கியைத் தூக்கிக் காட்டினார். முழங்கால்கள் சிறு பிள்ளையின் முழங்கால்கள் போல இருந்தன. தரையில் அழுந்திய இடத்தில் மட்டும் சிவந்திருந்தது.

"நாற்பது வருடம் முழங்காலில் இருந்தவர் அவர். கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. தேவையற்ற தகவல்."

மேஜர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஊரே உங்களிடம் வந்து சொல்கிறது என்று கேள்விப்பட்டோம். ஒருவரைப் படித்தால் ஊரைப் படித்தது போல என்று நினைத்தோம்."

"அவர் சொன்னாரா?" ஃபாதரின் குரல் மாறியிருந்தது. "எனக்கு அது ஞாபகம் இல்லை. அதை மட்டும் சொல்லுங்கள். கேட்டபோது அவர் சொன்னாரா?"

"இல்லை. ஒன்பது நாள் கேட்டோம். ஒரு பெயரும் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளை உங்களுக்குள் எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்." மேஜர் புத்தகத்தைக் காட்டினார். "தேதி தவறு. ஜூலை பத்து."

ஃபாதர் பேனாவை எடுத்து ஒன்று என்பதை அடித்துப் பத்து என்று எழுதினார். எழுதி முடித்தபின்தான் அவர் கண் நிறைந்தது. மேஜர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். செத்த தேதி என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"இரண்டாவது புத்தகத்தில் உங்கள் பெயர் ஏன் இல்லை?"

"உபதேசியார் மாட்டேன் என்றுவிட்டார். தன் சாமி செத்ததை எழுத முடிந்தது. என் தலையில் ஊற்ற முடியவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்."

"நீங்களே ஊற்றிக்கொள்ளலாமே."

"தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. வேறு யாரும் கொடுக்கலாம்."

"யாரும் என்றால்?"

"நம்பிக்கை இல்லாதவரும். எங்கள் மதமே இல்லாதவரும்."

"விசித்திரமான விதி," என்றார் மேஜர். அவர் கை சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடியது. பாதியில் நின்றது.

"அதுவரை நான் இந்தக் கோயிலில் விருந்தாளி," என்றார் ஃபாதர். "பூசை வைக்க முடியாது. ஒருவனையும் மன்னிக்க முடியாது. உங்களையும்தான்."

எழுந்துபோய்த் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். சிப்பியை அதன் பக்கத்தில் வைத்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் முப்பத்திரண்டாவது வரியைத் திறந்து பேனாவை அதன்மேல் வைத்தார். பெயர் எழுதியிருந்தது. 'கொடுத்தவர் கையெழுத்து' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மேஜர் கட்டத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். ஊற்றிக் கையெழுத்துப் போட்டால், பழைய சாமியார் செத்தார் என்று தானே ஒப்புக்கொண்டதாகும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கழுத்துப்பட்டையில் கை வைத்துப் பெட்டியை அணைத்தார். பிறகு, அணைத்தால் ஃபாதர் பேசுவது புரியாது என்று நினைவு வந்தவர் போல, மறுபடி போட்டார்.

ஃபாதர் முழங்காலிட்டார். வலித்தது.

"ஒரே வரிதான், மேஜர். 'நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்' என்று தொடங்கும். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும். ஊற்றுகிறீர்களா?"